காதுக்குள் ஒரு பட்டறை

அந்தப் பட்டறையின் தரையில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. நாடுகளுக்கு நடுவே இருக்கும் எல்லையைக்கூட ஆடு மாடு தாண்டிப் போவதுண்டு. இந்தக் கோட்டை ஒரு ஸ்பேனர் அனுமதியின்றித் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் டிங்கர். மோதி நசுங்கி வரும் வண்டிகளின் ஒடுக்கை எடுத்து, தகரத்தைத் தட்டித் தடவி, விபத்தே நடக்கவில்லை என்று வண்டியையே நம்பவைக்கிறவர். அந்தப் பக்கம் மெக்கானிக். வண்டியின் வயிற்றுக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவுகிறவர். டிங்கர் கட்டியிருப்பது மெக்கானிக்கின் தங்கையை. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் தொழில் செய்வதற்கு அது காரணம். நடுவே கோடு போட்டதற்கும் அதுவே காரணம்.

சட்டம் எளிமையானது. வண்டியில் வெளியே தெரிவதெல்லாம் டிங்கருக்கு. உள்ளே அசைவதெல்லாம் மெக்கானிக்குக்கு. கதவு டிங்கருடையது, கதவுக்குள் ஓடும் கண்ணாடி மோட்டார் மெக்கானிக்குடையது. பானெட் மூடியின் கீல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு மட்டும் பல வருடமாக நிலுவையில் இருக்கிறது. அதனால் அந்தக் கீலுக்கு இதுவரை யாரும் எண்ணெய் விட்டதில்லை.

டிங்கருக்கு மெக்கானிக் என்ற இனத்தின் மேலேயே ஒரு இளக்காரம். "கெட்டதைக் கழட்டி எறிஞ்சுட்டு, கடையில புதுசு வாங்கி மாட்டுறான். இதுக்குப் பேரு வேலையா? வீட்டுல பல்பு மாத்துற எல்லாருக்கும் அப்ப பட்டம் குடுக்கணும்" என்பார். "இருக்கிறதை வெச்சே சரிபண்ணுறவன்தான் தொழிலாளி."

"தட்டு, தட்டு. தகர டப்பாவைத் தட்டுற குரங்குகூட ஒருநாள் தாளம் கத்துக்கும்" என்பது மெக்கானிக்கின் பதில். இந்த அளவுக்கு மரியாதையோடுதான் இரண்டு பேரும் பழகி வந்தார்கள்.

டிங்கரின் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் ஓடுகிற பிள்ளை நிற்கும். நிற்கிற பேருந்து ஓடும். ஊரில் அந்தக் குரலைக் கேட்காத காது கிடையாது, ஒன்றே ஒன்றைத் தவிர. அது அவர் வீட்டிலேயே இருந்தது. இரண்டாக இருந்தது என்று சொல்வதே சரி.

விசித்திரம் என்னவென்றால், டிங்கருக்குப் பட்டறையில் பாம்புக் காது. ஒரு பக்கம் கம்ப்ரசர் உறும, ஒரு பக்கம் கிரைண்டர் கத்த, நடுவில் மெக்கானிக் சொல்லும் ஒவ்வொரு கிண்டலுக்கும் டிங்கரிடமிருந்து உடனுக்குடன் பதில் வரும். அதே ஆள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் காதையும் சேர்த்துக் கழற்றி வாசலில் வைத்தது போலாகிவிடும். மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிடுவார், பதில் வராது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். முகத்தில் ஒரு சாந்தமான புன்னகை வரும், அவ்வளவுதான்.

"அத்தனை இரைச்சல்ல எங்கண்ணன் பேசுறது கேக்குது. ஊசி விழுந்தா கேக்கிற வீட்டுல நான் பேசுறது கேக்கலையாமா?" என்று மனைவி அண்ணனிடம் முறையிட்டார்.

அண்ணன் சாட்சி சொல்லத் தயங்குகிறவர் இல்லை. "செவிடாவது! நல்லா கேக்குது மாப்ளைக்கு. நான் நேத்து அவன் பெயிண்ட் கலரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். எங்க பரம்பரையையே இழுத்துட்டான்."

வழக்கு முடிந்தது. வீட்டில் மட்டும் கேட்காத காது, கேட்க விரும்பாத காது. வேறென்ன பொருள் கொள்வது?

டிங்கரோ இதற்கெல்லாம் ஒரு கொள்கை வைத்திருந்தார். மனைவியின் உதடு அசைந்தால் "ம்" சொல்வது. அசைந்து முடிந்தால் "அதிலென்ன சந்தேகம்" என்று சேர்த்துக்கொள்வது. உலகத்தில் பாதிக் குடும்பங்கள் இந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கின்றன என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கொள்கைக்கும் ஒரு கெட்ட நேரம் உண்டு. ஒரு மாலை, மனைவி கண்ணாடியின் முன் நின்று தலைவாரிக்கொண்டே, "முடியெல்லாம் நரைச்சு, கன்னம் தொங்கி, பாக்கவே சகிக்கலை, இல்லீங்க?" என்றார்.

"ம்" என்றார் டிங்கர். பிறகு மலர்ந்த முகத்தோடு, "அதிலென்ன சந்தேகம்!" என்றார்.

அன்றோடு அந்த அம்மாள் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். பேச்சுவார்த்தைக்கும் இடமில்லாத முழு வேலைநிறுத்தம். ஆனால் நிர்வாகம் அதைக் கவனிக்கவே இல்லை. வேலைநிறுத்தம் செய்கிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? டிங்கர் வழக்கம்போலச் சாப்பிட்டார், வழக்கம்போலப் புன்னகைத்தார், பழக்கதோஷத்தில் நடுநடுவே "ம்" வேறு போட்டார். அந்த "ம்" அம்மாளின் கோபத்தில் எண்ணெயாக விழுந்தது.

செய்தி வெள்ளைக் கோட்டைத் தாண்டித்தான் டிங்கருக்கு வந்து சேர்ந்தது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் கத்தினார்: "என்ன மாப்ள, என் தங்கச்சி உன்கூடப் பேசுறதே இல்லையாமே?"

"அப்படியா? எப்பலேர்ந்து?" என்று டிங்கர் திருப்பிக் கத்தினார்.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பார்க் பிளக்கைக் கீழே போட்டுவிட்டார்.

அன்று மாலை டிங்கர் மனைவியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மைதான். அசையவில்லை. அப்போதுதான் அவருக்குள் எங்கோ ஒரு ஒடுக்கு விழுந்தது. கல்யாணமான புதிதில் மனைவி பேருந்து நிலையத்துக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே திரும்பி, இறங்கி வந்து "இது எந்த ஊருங்க?" என்று கேட்டவர். மாமியாரை ஒரு பேருந்தில் ஏற்றி, தன் தவறை உணர்ந்து அதே பேருந்தை ஆட்டோவில் துரத்தியவர். மாமியாரின் பெட்டி இவரிடமே இருந்துவிட்டதாம். டிங்கர் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிப்பார். கடந்த இரண்டு வருடமாக மனைவியின் கதைகளில் சுவை குறைந்து வருவதாக அவர் நினைத்திருந்தார். சுவை குறையவில்லை, சத்தம்தான் குறைந்திருந்தது என்பது இப்போது மெல்ல உறைத்தது.

மறுநாள் தேநீர் வேளையில் எல்லா எந்திரங்களும் நின்றிருந்தன. மெக்கானிக் கோட்டருகே வந்து ஏதோ சொன்னார். டிங்கர் புன்னகைத்தார். மெக்கானிக் இன்னொன்று சொன்னார். அது எழுதக்கூடிய சொல் அல்ல. அதற்கும் டிங்கர் புன்னகைத்து, "அதிலென்ன சந்தேகம்" என்றார்.

மெக்கானிக்கின் முகம் மாறியது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். வரலாற்றில் முதல்முறையாகக் கேட்காமல் கொள்ளாமல் வெள்ளைக் கோட்டைத் தாண்டினார். மாப்பிள்ளையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், ஓடவிட்ட ஒரு எஞ்சின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியை டிங்கரின் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். எஞ்சினுக்குள் எந்த வால்வு தட்டுகிறது என்று மெக்கானிக்குகள் கண்டுபிடிக்கிற முறை அது.

"ஐயோ! உள்ள கல்லு அரைக்கிற மாதிரி கேக்குது!" என்றார் டிங்கர்.

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எலும்பிலிருந்து எடுத்துக் காதுக்கு நேரே பிடித்தார். "இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்ல."

"பாத்தியா? எஞ்சின்ல கோளாறு இல்ல மாப்ள. நடுவுல இருக்கிற லிங்க் ஏதோ ஜாம் ஆயிருக்கு" என்று மெக்கானிக் தீர்ப்பு சொன்னார். பிறகு தலை தாழ்ந்தது. "நான் வேற என் தங்கச்சிக்கிட்ட உனக்கு நல்லா கேக்குதுன்னு சாட்சி சொல்லி வெச்சிருக்கேன். கிளம்பு, டாக்டர்கிட்ட போவோம்."

காது டாக்டரம்மா ஒரு இசைக்கவையைத் தட்டி எலும்பில் வைத்தார், காதருகே பிடித்தார். மெக்கானிக் செய்ததையே நல்ல வெளிச்சத்தில், சுத்தமான கையோடு செய்தார். பட்டறை விஷயத்தையும் உரத்த குரலில் தெளிவாக்கினார். இரைச்சலில் மற்றவர்கள் எல்லாரும் தொண்டையை உயர்த்திப் பேசுகிறார்கள். அந்த இரைச்சல் மற்றவர் காதை அடைக்கிறது. டிங்கரின் காதுக்குள் அது முழுசாக நுழைவதே இல்லை. அதனால் கத்துகிற பேச்சு மட்டும் அவருக்குச் சுத்தமாக வந்து சேர்கிறது. இந்த வகைக் காதுக்கோளாறு உள்ளவர்கள் பலருக்கு அப்படித்தான்.

"அப்ப நான் நடிக்கலை!" என்று டிங்கர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நடிக்கலை. உட்காருங்க" என்றார் டாக்டரம்மா. மேசை மேலிருந்த பிளாஸ்டிக் காதை, ஒரு தலையணை அளவு இருந்தது அது, நடுவாகத் திறந்தார். "செவிப்பறைக்குப் பின்னாடி மூணு குட்டி எலும்பு இருக்கு. உடம்புலயே சின்ன எலும்புங்க இதுங்கதான். 'ஆசிக்கிள்'னு சொல்வோம். பழைய லத்தீன்ல எலும்புங்கற சொல்லுக்குப் பின்னாடி ஒரு சின்ன வாலை ஒட்டுனா குட்டி எலும்புன்னு அர்த்தம் வந்துடும். செல்லமாக் கூப்பிடுற மாதிரி."

டாக்டரம்மாவுக்குச் சொற்களின் பூர்வீகம் என்றால் உயிர். வரிசையில் காத்திருந்த நோயாளிகளுக்கு அது தெரியும். அதனால்தான் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"முதல் எலும்பு இது. பேரு சுத்தி."

டிங்கர் காதைத் தீட்டிக்கொண்டார். தீட்ட முடிந்த அளவுக்கு. "என்ன பேரு?"

"சுத்தி! சுத்தியல்! அடிக்கிற சுத்தியல் மாதிரியே இருக்குன்னு அந்தக் காலத்துல பிணத்தை அறுத்துப் பாத்தவங்க வெச்ச பேரு. அது போய் இடிக்கிற அடுத்த எலும்பு, பட்டடை. கொல்லன் இரும்பை வெச்சு அடிப்பானே, அந்தப் பட்டடை."

டிங்கரின் முகத்தில் வந்த ஒளியை வருணிக்கப் புதிதாகத்தான் உவமை செய்ய வேண்டும். இத்தனை வருடம் வாடகை கொடுத்துப் பட்டறை நடத்தியவருக்கு, சொந்தத் தலைக்குள்ளேயே ஒரு பட்டறை இருக்கிறது என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்? மெதுவாகத் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார்.

"கேட்டியா மச்சான்? சுத்தி. பட்டடை. ஸ்பேனர்னு ஒரு எலும்பு இருக்கா கேளு."

"மூணாவதைச் சொல்லட்டும், இரு" என்றார் மெக்கானிக் கடுப்போடு.

"மூணாவது அங்கவடி" என்றார் டாக்டரம்மா. "குதிரை மேல உட்கார்றவன் காலை வைக்கிற வளையம். உங்களுக்கு இறுகிப்போனது இதுதான். அரிசியைவிடச் சின்னது. இந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கு. பழைய ரோமாபுரிக்காரங்க குதிரையில அங்கவடியே கிடையாது. காலைத் தொங்கப்போட்டுக்கிட்டே போனாங்க. பொருள் இல்லாததால சொல்லும் இல்ல. அப்புறம் வந்தவங்கதான் 'நிற்கிறது', 'கால்' ரெண்டையும் சேர்த்து 'ஸ்டேப்பஸ்'னு ஒரு லத்தீன் சொல்லைச் செஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. இந்த எலும்பை முதல்ல பாத்தது நான்தான் நான்தான்னு அந்தக் காலத்து வைத்தியர்கள் நாலஞ்சு பேரு ஆளுக்காள் அடிச்சுக்கிட்டாங்க."

"இவங்களை மாதிரியா?" என்றார் நர்ஸ், இருவரையும் பார்த்து.

கொல்லன் பட்டறையில் ஈக்கு என்ன வேலை என்பார்கள். அங்கவடிக்கு என்ன வேலை என்று டிங்கர் கொஞ்சம் யோசித்தார். கொல்லனிடம்தானே குதிரைக்காரன் லாடம் அடிக்க வருவான், வந்தவன் அங்கவடியை மாட்டி வைத்துவிட்டுப் போயிருப்பான் என்று தானே சமாதானமும் ஆனார்.

வீட்டுக்குப் போய் மனைவியின் முன் நின்று, தான் நிரபராதி என்பதை இசைக்கவை முதல் அங்கவடி வரை விளக்கினார். அண்ணனும் பின்னால் நின்று தன் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த அம்மாள் வெகுநேரம் கணவனின் காதையே பார்த்தார். பிறகு வேலைநிறுத்தத்தைச் சிறிது தளர்த்தி, பேருந்து நிலைய அளவில் குரலை உயர்த்தி, ஒரே ஒரு அறிக்கை விடுத்தார்:

"நாளெல்லாம் ஊருக்குக் கத்துறேன்! ஒருத்தனும் நிமிர்ந்து பாக்கிறதில்ல! வீட்டுக்கு வந்தா மெதுவாப் பேச எனக்கு ஒரு ஆள் வேணும்! காதைச் சரி பண்ணிட்டு வாங்க, எல்லாத்தையும் சொல்றேன்! அதுவரைக்கும் என் தொண்டைக்கு லீவு!"

இது அடுத்த வீட்டுக்கும், அதற்கு அடுத்த வீட்டுக்கும் தெளிவாகக் கேட்டது. டிங்கருக்கும் கேட்டது. மூன்று வீட்டிலும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பிறகு வந்த நாட்களில் பட்டறைக்கு வண்டி கொண்டுவந்த ஒருவரும் காது எலும்பைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போகவில்லை. "உங்க காதுலயும் இருக்கு சார், சுத்தி. உங்களுக்குத் தெரியாம அடிச்சுக்கிட்டே இருக்கும்." வந்தவர் பயந்துபோய் காதைத் தொட்டுப் பார்ப்பார். "பேரு வெச்ச மகராசன் யாரோ, அவன் வீட்டுப் பக்கத்துல ஒரு டிங்கரிங் பட்டறை இருந்திருக்கணும். மெக்கானிக் பட்டறை இருந்திருந்தா காதுக்குள்ள கார்புரேட்டர்னுல்ல வெச்சிருப்பான்?" என்று கோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி முடிப்பார். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

கடவுள் பொறுத்தாலும் மச்சான் பொறுக்க மாட்டான், ஆனால் காத்திருப்பான்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் எல்லாவற்றையும் விளக்குவதற்காக டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். துணைக்கு மெக்கானிக்தான் போனார். "பயப்பட ஒண்ணுமில்ல. மரத்துப்போக ஊசி போட்டு, காது வழியாவே உள்ள போய், இறுகிப்போன அங்கவடியோட மேல்பாகத்தை எடுத்துடுவோம். அந்த இடத்துல, பட்டடையில கொக்கி மாதிரி மாட்டி, ஒரு சின்ன பிஸ்டனை வைப்போம்."

அறையில் ஒரு கணம் நிசப்தம். டிங்கருக்கு அது வழக்கமான நிசப்தம்தான். மெக்கானிக்குக்கு அது வாழ்நாளிலேயே இனிமையானது.

"என்ன வைப்பீங்க டாக்டர்? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, மாப்ளைக்குக் கேக்கலை" என்றார் மெக்கானிக் தேன் ஒழுகும் குரலில்.

"பிஸ்டன்!"

"எங்க ஆளுங்க வைக்கிற பிஸ்டனா?"

"அதே பேருதான். உள்ளயும் வெளியயும் போய்வந்து தள்ளுதில்ல? அதனால."

டிங்கர் எழுந்தார். "வேண்டாம். அங்கவடியையே சரி பண்ணுங்க. லேசாத் தட்டி விட்டா அசையும். இதுக்குப் போய் யாராவது பார்ட்ஸ் மாத்துவாங்களா?"

"முன்னாடி அப்படித்தான் செஞ்சாங்க, தட்டி அசைச்சு விடுவாங்க. கொஞ்ச நாள் நல்லாக் கேக்கும், திரும்பவும் இறுகிடும்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப பேரையாவது மாத்துங்க. இல்லாத சொல்லைச் செஞ்சுக்கிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுக்கும் ஒரு சொல் செய்யுங்க. கொக்கின்னு சொல்லுங்க. கதவுக் கம்பின்னு சொல்லுங்க. அதெல்லாம் எங்க பக்கம்."

டாக்டரம்மா நியாயமாகவே யோசித்தார். சொல் விஷயம் அல்லவா. "நீங்க என்ன வேணாலும் கூப்பிடுங்க. ஆனா டப்பாவுல பிஸ்டன்னுதான் அச்சடிச்சிருக்கு. ஆபரேஷன் நடுவுல நான் கதவுக் கம்பி கேட்டா நர்ஸ் கதவைத் திறக்கப் போயிடுவாங்க."

டிங்கர் வெளியேறினார். தன் உடம்பு முழுக்க பாடி. அதில் எஞ்சின் சாமானுக்கு இடமில்லை என்பது அவர் நிலைப்பாடு.

மெக்கானிக் அன்று பட்டறையில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். வழியில் போன தபால்காரருக்கும் ஒரு தம்ளர். "மாப்ளைக்கு பிஸ்டன் வைக்கிறாங்க. இனிமே சர்வீஸ் நம்மகிட்டதான். ஆயில் மாத்துறது இலவசம். புகை கக்கினா மட்டும் உடனே வந்துடணும்." டிங்கர் அடித்த அடியில் அன்று ஒரு மட்கார்டு தேவைக்கு மேல் தட்டையானது.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. டிங்கரின் கௌரவம் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் காப்பாற்றப்பட்ட கௌரவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால், அது எதிரே உட்கார்ந்து பேசுவதில்லை. மனைவி சொன்ன சொல் தவறாதவர். பரிமாறினார், துவைத்தார், வேலைக்குப் போனார், வந்தார். உதடு மட்டும் திறக்கவில்லை. ஒருநாள் ஜன்னலருகே நின்று தனக்குள்ளேயே எதையோ நினைத்துச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். டிங்கர் தட்டை வைத்துவிட்டு, "என்னம்மா? என்ன ஆச்சு இன்னிக்கு?" என்று கேட்டார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். பிறகு கத்திச் சொன்னால் அந்தக் கதையில் என்ன மிஞ்சும் என்று தோன்றியதோ என்னவோ, கையை ஆட்டிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

டிங்கர் தட்டிலிருந்த சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் மத்தியானம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கேட்கும். எஞ்சின் இரைச்சல், ஒலிபெருக்கி, ஜனக்கூட்டம், அவர் காதுக்கு வேண்டிய சகல வசதியும் அங்கே உண்டு. ஒரு தூணருகே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். புறப்படும் பேருந்து, புறப்படாத பேருந்து, தொலைந்த குடை எல்லாவற்றையும் மனைவியின் குரலில் கேட்டார். பாடகியின் கச்சேரிக்குப் போனவனைப் போல் ஒவ்வொரு அறிவிப்புக்கும் தலையாட்டினார்.

கண்ணாடி அறைக்குள் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டார். சிறிது நேரம் மைக் வெறுமனே கரகரத்தது. பிறகு அதே கனிவான, நிதானமான, அரசாங்கக் குரலில்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தூணருகே, பெயிண்ட் படிந்த நீலச் சட்டையுடன், எந்தப் பேருந்திலும் ஏறும் எண்ணமின்றி அமர்ந்திருக்கும் பயணி கவனிக்கவும்."

ஊரே தூணைப் பார்த்தது. டிங்கர் கண்ணைத் திறந்தார்.

"தங்கள் காதில் வைக்கப்படவிருப்பது பிஸ்டனா, பீரங்கியா என்பது குறித்துத் தங்கள் மனைவிக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. தங்கள் மைத்துனர் கேலி செய்வார் என்பது உண்மை. பிஸ்டன் இல்லாவிட்டாலும் அவர் கேலி செய்வார் என்பதும் உண்மை. தங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்திகள் வீட்டில் பெருமளவில் தேங்கிக் கிடக்கின்றன. அவற்றை இந்த ஒலிபெருக்கியில் சொல்ல இயலாது. அவற்றில் சில, மேலதிகாரியைப் பற்றியவை."

அடுத்த அறையிலிருந்து மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

"எனவே பயணி உடனடியாக மருத்துவமனைக்குப் புறப்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். நன்றி."

பெஞ்சில் பக்கத்தில் இருந்த, மூட்டை வைத்திருந்த பெண்மணி டிங்கரின் தோளைத் தட்டினார். "போங்க தம்பி. அந்தம்மா இவ்வளவு தூரம் சொல்றாங்க. பஸ் காத்திருந்தாலும் பரவாயில்ல. பொம்பளை காத்திருந்தா வேற மாதிரி ஆயிடும்."

டிங்கர் எழுந்தார். கண்ணாடி அறையைப் பார்த்து, கச்சேரி முடிந்த ரசிகனைப் போல் ஒரு கும்பிடு போட்டார். வெளியே வந்து முதல் வேலையாகப் பட்டறைக்குப் போன் போட்டு, இரைச்சலுக்கு மேல் கத்தினார்: "மச்சான்! பிஸ்டன் வெச்சுக்கிறேன்! சிரிக்கிறதை எல்லாம் இன்னிக்கே சிரிச்சு முடிச்சுடு!"

மெக்கானிக் சிரிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அறுவை சிகிச்சை நடந்த காலையில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு, போகிற வருகிற நர்ஸ்களிடமெல்லாம், "மாட்டும்போது கோணலா மாட்டிடாதீங்க, நேரா இருக்கணும், டைட் வெக்கக் கூடாது" என்று தொழில்நுட்ப ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

உள்ளே, மேசையில் படுத்திருந்த டிங்கருக்கு முதலில் காதுக்குள் ஏதோ சுரண்டும் சத்தம். தலை கிறுகிறுத்தது. அப்புறம் திடீரென்று ஒரு அறை முழுவதும் உள்ளே வந்து விழுந்தது: கத்தரிக்கோல் தட்டில் வைக்கப்படுவது, யாரோ செருப்பைத் தேய்ப்பது, ஏசியின் மூச்சு.

"கேக்குதா?" என்றார் டாக்டரம்மா முணுமுணுப்பாக.

"கத்தாதீங்க டாக்டர்" என்றார் டிங்கர்.

காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்து, தலைச்சுற்றல் தெளிந்து, வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிய பிறகு சில நாட்களுக்கு உலகம் அவருக்கு மிகவும் மரியாதைக்குறைவாக நடந்துகொண்டது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரம் கிழிந்தது. குழாய் சொட்டினால் சம்மட்டி விழுந்தது. அந்தத் தொந்தரவையெல்லாம் வரதட்சணை வாங்கிய மாப்பிள்ளை போல் முகம் நிறைந்த சிரிப்போடு அனுபவித்தார்.

ஒரு மாலை மெக்கானிக், கையில் ஒரு எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் தயாரித்த வசனத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். "என்ன மாப்ள, பிஸ்டன் எப்படி..." என்று ஆரம்பித்தார்.

அடுப்படியில் கணவனும் மனைவியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உரிக்க வேண்டிய வெங்காயம், உரித்தபாடில்லை. மனைவி பேசிக்கொண்டிருந்தார். குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சுக்குக் கொஞ்சம் மேல். வாசலில் நின்ற அண்ணனுக்கு அதில் ஒரு எழுத்துகூட எட்டவில்லை. டிங்கரின் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட முடியாது. வெங்காயம் முழுசாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யய்யோ, மேலதிகாரியா? மைக்கை அணைக்காமலா?" என்றார்.

"நிஜமாங்க. ஊரே கேட்டுச்சு. கேளுங்க, அதுக்கப்புறம்தான் கூத்து..."

"மாப்ள!" என்றார் மெக்கானிக் மறுபடியும், குப்பியை உயர்த்திக் காட்டி.

டிங்கர் திரும்பாமலே கையை மட்டும் தூக்கினார். "கொஞ்சம் இரு மச்சான். அவ பேசிக்கிட்டிருக்கா."

மெக்கானிக் வாசற்படியில் உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக் கதை தேங்கிக் கிடந்தது. அவர் வெகுநேரம் உட்கார வேண்டியிருந்தது.